சம்பந்தி வீட்டுச் சகன்

மகளைக் கொடுத்த வீட்டின் கல்யாண வலிமா விருந்தில் ஒரே சகன் தட்டைச் சுற்றி நான், மருமகள் அனீஸா, அவள் தோழி ஷமா, சம்பந்தி நஃபீசா என நால்வர் உட்கார்ந்திருக்கிறோம். எடை குறைய இரைப்பையைச் சுருக்கி இரண்டு மாதமாகிறது அனீஸாவுக்கு. சம்பந்திக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஜன்னல் வெயிலில் நெய்ச்சோறு மினுங்குகிறது. இரண்டு கவளத்தோடு அவள் கை நின்றுவிடுகிறது. அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஷமா அவள் காதோரம் குனிகிறாள். "போதும்டி, நிறுத்திக்க. எனக்கும் முதல்ல அழுகையா வந்துச்சு. பழகிடும்." நஃபீசா சிரிக்கிறாள். "எங்க வூட்டுச் சோறு உங்க மருமகளுக்கு இறங்கலையோ?" பெரிய கறித்துண்டாக எடுத்து நானே அனீஸாவின் வாயில் வைக்கிறேன். "முழுங்கு." கண்ணில் நீர் முட்ட விழுங்குகிறாள். அடுத்த கணம் முந்தானைக்குள் வாந்தி எடுக்கிறாள். பக்கத்துச் சகன் பெண்கள், "மாசமா இருக்கா போல" என்று பூரிக்கிறார்கள். அவள் மாசமாக இல்லை. அது நான் ஊட்டிய கறி.