நீலக் கோடு

விமானப் பதிவுப் பெட்டியின் தரவைக் காட்டும் திரையைப் புதிதாக வடிவமைத்திருந்தார்கள். படிக்க எளிதாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, ஓய்வுபெற்ற கேப்டனான என்னை அழைத்தார்கள். பழைய திரையில் எண்கள் கொட்டிக் கிடக்கும். இதிலோ விமானியின் கையசைவு ஒரு நீலக் கோடாக ஓடியது. பக்கக் காற்று மோதியபோதும் கோடு பதறவில்லை. தரையைத் தொடச் சற்று முன் இடப்பக்கமாக இரண்டு சின்னத் தட்டல். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இது என் கையம்மா! இந்த ரெண்டு தட்டு எங்க குடும்பத்துக்கு மட்டும்தான் வரும்!"

வடிவமைப்பாளர் ஷெரின் சிரித்தாள். "விமானி பேரை நீக்கிட்டுத்தான் தருவாங்க, சார். ஆனா இது போன மாசம் பத்திரமா இறங்கின ஃப்ளைட். நீங்க ரிட்டையர் ஆகி ஒன்பது வருஷமாச்சே?"

அந்தத் தட்டலை என்னிடம் கற்றவள் ஒருத்திதான், எனக்குப் பிறகு விமானியான என் மகள் சுடர்விழி. தன் விருப்பப்படி மணந்துகொண்டவள். அவள் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது ஆறு வருடமாக என் உத்தரவு.

"திரையில என்ன மாத்தணும், சார்?"

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"இன்னொரு தடவை ஓட்டும்மா. அந்தக் கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கு. தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்."