இறுகிய கலவை

"அந்தக் கலவை இறுகிருச்சு, கீழ கொட்டிருங்கப்பா." ஆட்கள் முன்னால் அப்பாவின் வேலையில் குறை மட்டும் சொல்லிவிடாதே என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருந்தாள். கொத்தனார் சவரிமுத்து மகள் ரெஜினாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. சாப்பிட்டு வருவதற்குள் இறுகிவிட்ட சிமெண்ட்டில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தார்.

"தரைக்கு அடியில இருக்கிற ரூம்ப்பா, ஈரம் ஏறும். டைல்ஸ் பசைதான் பிடிக்கும்னு காலையிலயே சொன்னேன்ல?"

"இந்தக் கலவையிலதான் தாயி உன்ன இன்ஜினியருக்குப் படிக்க வச்சேன்."

சித்தாள்கள் சிரித்தார்கள். ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து, நேற்று அவர் பதித்த டைல்ஸ் ஒன்றை நகத்தால் நெம்பினாள். சட்டிமூடி போலக் கையோடு வந்தது. அடியில் பொட்டு சிமெண்ட் ஒட்டியிருக்கவில்லை.

"வச்சிட்டுப் போ புள்ள." அவர் குரல் இறங்கியிருந்தது.

அவள் வைக்கவில்லை. டைல்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேலே இருந்த வீட்டுக்காரரிடம் காட்டப் படியேறினாள்.