கயிற்றுக்குள் பதவி கிடையாது

"கையுறை வேண்டாம். வெறுங்கையாலேயே போடுவோம்" என்றார் கேப்டன் கேரூ.

கயிறு கட்டிய மணல் சதுரத்துக்கு வெளியே சிப்பாய் ஜெம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். லண்டனில் கனவான்களுக்கு நடத்தும் குத்துச்சண்டைக் கோப்பையை வருஷம் தவறாமல் தூக்கிக்கொண்டு போனவர் கேரூ. அவர் கையுறை போட்டு அடித்தாலே ஆள் எழுந்து உட்காரப் பொழுது சாய்ந்துவிடும்.

நைல் கரை முகாமில் அன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விளையாட்டு. கயிற்றுக்குள் பதவி கிடையாது என்பது அந்த ரெஜிமெண்டின் பழைய வழக்கம். அங்கே சிப்பாய் ஆபீசரை அடிக்கலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். கயிற்றுக்கு வெளியே, அதுவும் போர் நடக்கிற இடத்தில், ஆபீசர்மேல் கை வைத்தவனை நிற்க வைத்துச் சுட்டுவிடுவார்கள்.

ஜெம் நேற்று சாயங்காலம் கை வைத்துவிட்டான்.

அவன் தம்பி ஏபெல் பாலைவன நடையில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து செத்தவன். குழி வெட்ட நேரமில்லை என்று மணலைத் தள்ளி மூடிவிட்டுப் படையை நடத்திக்கொண்டு போனவர் இந்தக் கேரூதான். கிறிஸ்துமஸ் ரம் உள்ளே போனதும் ஜெம்மால் பொறுக்க முடியவில்லை. ஒட்டகக் கொட்டடிக்குப் பின்னால் தனியே வந்தவரை மறித்துக் கை போன போக்கில் குத்தினான். எங்கே பட்டது என்றுகூட அவனுக்கு நினைவில்லை.

கேப்டன் திருப்பி அடிக்கவில்லை. "நாளைக்குக் கயித்துக்குள்ள வாடா, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கூடாரத் தோழன் ஹாப் தண்ணீர்க் குவளையை நீட்டினான். "கேட்டியா சங்கதிய? ஒட்டகக் கொட்டடிப் பக்கம் எவனோ ஒரு ஆபீசர அடிச்சிட்டானாம். காவல்ல நின்னவன் காதுல விழுந்திருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் சார்ஜெண்ட் மேஜர் விசாரணைய ஆரம்பிக்கப் போறாராம்."

"யாராம்?"

"அதுதான் தெரியல. இந்தா, குவளைய வாங்குடா."

ஜெம் நேற்றைய குத்தில் தோலுரிந்த விரல் முட்டிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேப்டன் முதலில் ஆத்திரம் தீர அடிக்கப்போகிறார், மிச்சமிருக்கிற உயிரைத் துப்பாக்கிக்காரர்களிடம் ஒப்படைக்கப்போகிறார்.

காலையிலிருந்து போட்டிருந்த நீலக் கண்ணாடியை மணி அடித்த பிறகுதான் கேப்டன் கழற்றினார். மணல் பட்டுக் கண்வலி வந்த பாதி ஆபீசர்கள் அப்படித்தான் திரிந்தார்கள். முகம் முழுக்க ஆட்டுக் கொழுப்பை வெள்ளையாக அப்பியிருந்தார்.

"குத்து வழுக்கிட்டுப் போகட்டும்னு பூசியிருக்காரு. விவரமான ஆளு" என்றான் ஹாப்.

முதல் குத்திலேயே ஜெம்மின் மூக்கு உடைந்தது. அடுத்தது விலாவில் இறங்கியது, மூச்சு நின்று வந்தது. அவன் கையை ஓங்கவே இல்லை. நன்றாக வாங்கிக்கொண்டால் மனுஷனுக்கு மனசு இளகாதா, விசாரணையில் வாயை மூடிக்கொள்ள மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

மனசு இளகவில்லை. உதடு கிழிந்தது, ஒரு பல் மணலில் விழுந்தது. கேப்டன் அவனைக் கயிற்றோடு சாய்த்து வைத்துத் துவைத்தார். சுற்றி நின்ற சிப்பாய்கள், "டேய், சண்டை போடுறியா, தூங்குறியா?" என்று காறித் துப்பினார்கள்.

"அடிடா" என்றார் கேப்டன். "கையப் பாக்கெட்டுல வச்சுத் தச்சிட்டாங்களா?"

"மாட்டேன் சார்."

கேப்டன் நெருங்கி வந்தார். "உன் தம்பியும் இப்படித்தான்டா தொவண்டு கெடந்தான். உங்க குடும்பத்துல எவனுக்கும் முதுகெலும்பு கெடையாது போல."

ஏபெல் பேர் எடுத்ததும் ஜெம்முக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுடுகிறவன் சுட்டுக்கொள்ளட்டும் என்று வலது கையைச் சுழற்றினான். அதுவரை முகத்தைவிட்டு இறங்காத கேப்டனின் இடது கை அந்த நேரம் பார்த்துத் தாழ்ந்திருந்தது. குத்து இடது கண்மேல் போய் இறங்கியது. ஆள் மல்லாந்து விழுந்தார், கூட்டத்தில் தொப்பிகள் பறந்தன.

எழுந்தபோது புருவம் கிழிந்து ரத்தம் கொழுப்போடு கலந்து வழிந்துகொண்டிருந்தது. கேப்டன் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜெம்முக்குப் பயமாக இருந்தது. தாடைக்குக் கீழே ஒரே குத்து வந்தது, அதற்குப் பிறகு அவன் பார்த்தது வானத்தை மட்டும்தான்.

கண் திறந்தபோது பக்கத்தில் சார்ஜெண்ட் மேஜரின் பூட்ஸ். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள். சார்ஜெண்ட் மேஜர் ஜெம்மின் முட்டிகளையும் கேப்டனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்த கர்னல் உரக்கச் சிரித்தார். "என்னப்பா கேரூ, கண்ணு கத்திரிக்காயாட்டம் ஆயிடுச்சே."

"நல்ல குத்து சார். பையன் நியாயமாத்தான் போட்டான்."

முடிந்தது என்று ஜெம் நினைத்தான். தம்பி போன இடத்துக்குத் தானும் போகிறோம், அம்மாவுக்குச் சொல்லக்கூட இனி ஆள் இல்லை. விலங்கு மாட்ட வசதியாக இரண்டு மணிக்கட்டையும் சார்ஜெண்ட் மேஜரை நோக்கி நீட்டினான்.

கேப்டன் குறுக்கே வந்து அந்தக் கைகளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். கூட்டம் கை தட்டிய இரைச்சலில் அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தக் கண்ணு நேத்தே கறுத்ததுன்னு இனிமே எவனாலயும் சொல்ல முடியாதுடா."