மூன்று எருமைகளும் ஒரு நலம்விரும்பியும்

“இந்தப் படத்தை யார் வாங்கிக் குடுத்தாளோ, மகராஜன்!” என்று சந்திரமௌலி உரக்கப் பெருமூச்சு விட்டார்.

கூட மியூசியத்துக்கு வந்திருந்த சம்பந்தி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். மழையில் நிற்கும் மூன்று எருமைகள். கீழே பித்தளைத் தகட்டில், ‘ஒரு நலம்விரும்பியின் நன்கொடை’.

“இது எருமையா, மலையா?” என்றார் சம்பந்தி.

“எருமைதான்! அதை விடுங்கோ. பேரே போட்டுக்காம ஒருத்தர் குடுத்திருக்காரே, யாரா இருக்கும்னு உங்களுக்குத் தோணலையா?”

“பசிக்கிறது” என்றார் சம்பந்தி.

சந்திரமௌலி நொந்துபோனார். இப்படி அவர் அழைத்துவந்து காட்டாத உறவுக்காரரே புனேயில் பாக்கி இல்லை. ஒருத்தராவது கேட்கவேண்டுமே!

அந்தச் சின்ன ஓவிய மியூசியம் நாலு பேர் கொடுக்கிற பணத்தில்தான் ஓடுகிறது. படம் வாங்குவதும் அதில்தான், ஏரவாடா வட்டாரக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை ஓவிய வகுப்பு நடத்துவதும் அதில்தான். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயரான சந்திரமௌலியும் ஒரு செக் கொடுத்தார். “எதுக்கு வேணும்னாலும் வெச்சுக்கோங்கோ. பேர் மட்டும் போடப்படாது” என்றார். அடுத்த வாரமே எருமைகள் சுவரில் ஏறிவிட்டன.

பேர் வேண்டாம் என்றதற்குக் காரணம் யூசுஃப் பாய். ஹடப்சரில் பிளைவுட் கடை வைத்திருப்பவர். அவர் மியூசியத்துக்கு ஒரு பெஞ்ச் கொடுத்து, சாய்மானத்தில் தன் பேர், கடை பேர், போன் நம்பர் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

“கோயில் டியூப்லைட்ல உபயம்னு எழுதி வெளிச்சத்தையே மறைப்பாளே, அந்த மாதிரின்னா இருக்கு!” என்று தமிழ்ச் சங்கத்தில் சந்திரமௌலி கிண்டல் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்படிச் சொன்ன வாயால் தன் பேரைப் போடச் சொல்ல முடியுமா?

“ஏன் இப்படித் தவிக்கறேள்? பேசாம பேரைப் போட்டுண்டிருக்கலாமே” என்றாள் மனைவி பட்டு.

“நானா தவிக்கறேன்?”

“தூக்கத்துல எருமை, எருமைன்னு கத்தறேள். பக்கத்துல படுத்திருக்கறவ என்னன்னு எடுத்துக்கறது?”

மியூசியத்தின் ஆண்டு விழா வந்தது. நன்கொடை கொடுத்தவர்களுக்கு வழக்கம்போல் சால்வையும் தேங்காயும். யூசுஃப் பாயை மேடைக்கு அழைத்தார்கள். கூட்டத்தில் யாரோ, “அந்த எருமைப் படமும் இவர் குடுத்ததுதானாம்!” என்று கிளப்பிவிட, கைதட்டல் அமர்க்களப்பட்டது.

சந்திரமௌலிக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேவிட்டார்.

“அது அவர் இல்லை! எனக்கு நிச்சயமாத் தெரியும்! எப்படித் தெரியும்னு கேளுங்கோ!”

யாரும் கேட்கவில்லை. இந்தியில் கத்தினார். மராத்தியிலும் கத்தினார். ஊஹூம்.

பட்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

யூசுஃப் பாய் மைக்கை வாங்கினார். “சார் சொல்றது சரிதான். என் பேர்ல இங்க இருக்கறது பெஞ்ச் மட்டும்தான். பேர் வேண்டாம்னு சொல்ற பெரிய மனசு சாருக்குத்தான்” என்று இறங்கி வந்தவர், தன் சால்வையைச் சந்திரமௌலியின் தோளில் போட்டார். தேங்காயையும் கையில் வைத்தார்.

கூட்டமே எழுந்து நின்று தட்டியது.

“ஐயையோ, இதெல்லாம் எதுக்கு!” என்றபடி சந்திரமௌலி, போட்டோவுக்குத் தோதாகச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

விழா முடிந்ததும், மியூசியத்தில் வேலை பார்க்கும் ரோஹிணியைப் பிடித்தார். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

“ஏம்மா, எருமை என்னோடதுன்னு பாய்க்கு யாரு சொன்னா?”

ரோஹிணி முழித்தாள். “அங்கிள், உங்க செக் எருமைக்கு இல்ல. பாத்ரூமுக்கு.”

“என்னது?”

“எதுக்கு வேணும்னாலும்னு சொன்னீங்கள்ல? இங்க பாத்ரூம் ரொம்ப கராப், உள்ளயே போக முடியாது. பொண்ணுங்க எல்லாம் பாதி கிளாஸ்லயே வீட்டுக்கு ஓடிடும். நீங்க கட்டிக் குடுத்தப்புறம் ஒண்ணுகூட ஓடல. அங்கயும் ஒரு நலம்விரும்பி தகடு இருக்கே, பாக்கலையா?”

“அப்போ எருமை?”

“பேர் சொல்லக்கூடாது அங்கிள். உங்களுக்கு சால்வை போட்டாரே, அவரையே கேளுங்க.”

சந்திரமௌலிக்குக் கையிலிருந்த தேங்காய் கனத்தது. யூசுஃப் பாய் தன் பெஞ்சில் உட்கார்ந்து எருமைகளை ரசித்துக்கொண்டிருந்தார்.

“பாய், என்னை மன்னிச்சுடுங்கோ” என்றார் சந்திரமௌலி. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. “ஆனா பெஞ்சுல மட்டும் அவ்ளோ பெரிசா...?”

“பெஞ்ச் கடை விளம்பரம் சார். விளம்பரத்துல பேர் போடாம எப்படி? எருமை அப்படி இல்லையே.” பாய் சிரித்தார். “சால்வை உங்களுக்கு எடுப்பா இருக்கு. நீங்களே வெச்சுக்கங்க. யார் கேட்டாலும் என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்.”

அடுத்த ஞாயிறு நிக்டியிலிருந்து பட்டுவின் தம்பி விச்சு வந்தான். அவனையும் மியூசியத்துக்கு இழுத்துப்போனார்.

“பிரமாதமான எருமை அத்திம்பேர்! யாரு வாங்கிக் குடுத்தா?”

அத்தனை பேரில் ஒருத்தன், கடைசியில் கேட்டேவிட்டான்!

சந்திரமௌலி பல்லைக் கடித்துக்கொண்டார். “தெரியாதுடா. யாரோ மகராஜன். நீ மொதல்ல பாத்ரூம் போயிட்டு வா.”

“எனக்கு வரலையே.”

“வரலேன்னாலும் போ! வாசல்ல ஒரு தகடு இருக்கும். அதைப் படிச்சுட்டு வந்து, யாருன்னு என்னைக் கேளு!”