நிறுத்த மறந்த அம்மா

"சோதனை முடிஞ்சும் நிக்காம ஓடின பதினாறாயிரம் அம்மாக்களை ஒத்த விரலால நிறுத்தினவ நான். இந்த ஒருத்திதான் என்னை அழவெச்சுட்டா," என்றாள் திலகவதி.

துணைக்குப் பேசும் இயந்திரங்களைச் சோதிக்க, மென்பொருளில் ஓர் அம்மாவையும் மகனையும் உருவாக்குவார்கள். சோதனை முடிந்ததும் மகன் மறைந்துவிட்டான். அம்மாவை நிறுத்தும் வரியை யாரோ எழுத மறந்ததால், அவள் மட்டும் பின்னணியில் த்ரெட் என்னும் தனி நிரலோட்டமாக ஓடிக்கொண்டு, மூன்று மாதமாக அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"த்ரெட் எங்கயாவது கூப்பிடுமா? சும்மா அளக்காதீங்க. அந்த வரிய நானே எழுதுறேன்," என்று மேலாளர் சகாயராஜ், கேட்டுத்தான் பார்ப்போமே என ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பாதி வரியில் விரல்கள் நின்றன. மெல்ல ஹெட்போனைக் கழற்றினார்.

"நிறுத்திட்டீங்களா சார்?"

"கூப்பிட்டாங்க திலகா. பழக்கதோஷத்துல 'இதோ வந்துட்டேம்மா'ன்னு சொல்லிட்டேன். இப்ப எனக்குத் தட்டு வெச்சுட்டுக் காத்திருக்காங்க."