கதவில் போட்ட கோடு

மலையில் மேகம் இறங்கினாலே வடிவம்மாள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கதவின் மேல் கோணியைத் தொங்கவிடுவாள்.

கதவில் தோட்டத்து ஆபீஸ் கிராணி சாம்பசிவம் சுண்ணக்கட்டியால் போட்ட கோடு இருந்தது. அது நனையக் கூடாது.

அந்தக் கோடுதான் அவளுக்குக் கிடைக்கப்போகும் இரண்டாவது அறை.

தேயிலைத் தோட்டக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் அவளுக்கு இருந்தது ஒரே அறை. அதில் அவள், இருமல்காரப் புருஷன், இரண்டு பெண்கள், மகன் தங்கராஜு, அவன் மனைவி சீதா. ராத்திரி ஒருவர் புரண்டால் ஆறு பேரும் புரள வேண்டும்.

சீதாவுக்கு இது எட்டாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் அறை கிடைக்காவிட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கே போய்விடுவேன் என்று தங்கராஜு சொல்லிவிட்டான். அந்த எழுபத்தெட்டாம் வருஷம் அங்கே அடுக்குமாடி கட்டுகிற இடத்திலெல்லாம் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். போனால் திரும்பமாட்டான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

அதனால்தான், போன மாதம் பட்டணத்து ஐயா ஒருவர் தோட்டத்துத் துரையோடு லயத்தைப் பார்க்க வருகிறார் என்றதும் அவள் வீட்டைத் தலைகீழாக்கினாள். வீடு குப்பையாகக் கிடந்தால் துரை முகம் சுளிப்பார். அப்புறம் எந்த வாயால் அறை கேட்பது?

பாய், மூட்டை முடிச்செல்லாம் விறகுக் கொட்டகைக்குப் போயின. புருஷனைத் தேயிலைச் செடிகளுக்குள் போய் உட்காரச் சொன்னாள். பெண்களை ஆற்றுக்கு விரட்டினாள். சீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு விறகோடு விறகாக நின்றாள்.

சொல்லிவைத்தாற்போல் லயம் முழுக்க அன்று இதே கூத்துதான்.

வந்தவர் பட்டணத்தில் அடுக்குமாடி கட்டத் திட்டம் போடுகிறவராம். வாசலில் நின்று பார்த்துப் பூரித்துப்போனார். எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே குழாய், வேலைக்கும் நடந்தே போகிறார்கள். ஜனங்கள் இப்படி நெருங்கி வாழ்ந்தால் காடும் மலையும் பிழைத்துக்கொள்ளும் என்றாராம். கிராணிதான் தமிழில் எடுத்துச் சொன்னார்.

நெருக்கத்தைப் பற்றி அவளிடமே பாடம். வயிறு எரிந்தாலும் தலையாட்டி வைத்தாள், காரியம் ஆக வேண்டுமே.

வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் நகர்ந்தபோது கிராணியிடம் அறை விஷயத்தை மெல்லக் கேட்டாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவில் ஒரு கோடு இழுத்தார். அதுதான் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மற்ற கதவுகளிலும் கோடு விழுந்தது. அடுத்த மழையிலேயே எல்லாம் கரைந்துபோயின. துப்புக் கெட்டவர்கள் என்று அவர்களுக்காக அவள் பரிதாபப்பட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, தூறலில் ஒரு லோரி வந்து நின்றது.

அறை கட்டப் பலகையும் தகரமும் வந்துவிட்டன என்று ஈரக்கையோடு ஓடினாள். லோரியிலிருந்து இறங்கியது கீழ் லயத்து வேலம்மா. பின்னாலேயே அவள் புருஷன், பிள்ளைகள், சட்டி பானை, சுருட்டிய பாய்கள்.

கீழ் லயத்தை இடிக்கிறார்களாம். காற்றுக்கும் காட்சிக்கும் அருமையான சரிவாம். அந்தப் பட்டணத்து ஐயா வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தங்க அங்கே பங்களா எழும்பப் போகிறதாம்.

கிராணி கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வடிவம்மாள் வீட்டு வாசலில் நின்று கோணியை விலக்கினார். கோடு அன்றைக்குப் போட்டதுபோலவே பளிச்சென்று இருந்தது.

“இடம் இருக்கிற வீட்டுக்கெல்லாம் கோடு போட்டு வெச்சேன். மத்ததெல்லாம் அழிஞ்சிருச்சு, ஒன் வீட்டுக் கோடாவது இருக்கே லா,” என்றார்.

“அய்யா, நாங்களே ஆறு பேரு இருக்கோம்.”

“அன்னைக்கு ஒருத்தரையும் காணோமே?”

வேலம்மா பாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உள்ளே வரவும் கூசி, படியிலேயே நனைந்துகொண்டு நின்றாள்.

உள்ளே தங்கராஜு தகரப்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.