ஒரு சொட்டு மிஞ்சினாலும்

மார்லிஸ் டிரெய்லர் வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, குறடால் எதையோ மூச்சைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு பூட்ஸ்கள் மட்டுமே. மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு அந்த ஏரிக்கரை விடுமுறை முகாமின் தண்ணீரைக் குளிர்காலத்துக்காக நிறுத்திவிடுவார்கள்.

அக்டோபரின் கடைசி ஞாயிறு. இன்றிரவு ஏரியின் ஓரம் உறைந்துவிடும் என்று ரேடியோ காலையிலேயே மிரட்டிவிட்டது. டிரெய்லரின் குழாய்க்குள் தண்ணீர் தங்கினால் பனிக்கட்டியாகி, உப்பி, எல்லாவற்றையும் கிழித்துவிடும். மினசோட்டாவில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும்.

இருந்தாலும் அவளுக்கு எடுத்துச் சொல்ல இரண்டு ஆண்பிள்ளைகள் வந்திருந்தார்கள். பக்கத்து டிரெய்லர் ஹார்லன், எதிர் டிரெய்லர் வென்டல். ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, ஆளுக்கொரு பீர். உதவிக்குத்தான் வந்தோம் என்றார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

"டுவேன் எங்கேம்மா?" என்றார் ஹார்லன்.

"மீன் பிடிக்கப் போயிருக்கார்."

"இந்த வேலையை உன் தலையில கட்டிட்டா? இருபது வருஷமா அவன்தானே பண்ணுவான்! ஒரு பைப் விரிசல் விட்டிருக்குமா? கையா அது? தங்கம்!"

"தங்கம்தான்" என்றன பூட்ஸ்கள்.

வென்டல் டிரெய்லரைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "யோவ், அங்க பாரு. தண்ணி வர்ற ஹோஸைக்கூடக் கழட்டலை. அதுக்குள்ள அடியில போயி படுத்தாச்சு."

"பொம்பளைங்க செஞ்சா எல்லாம் தலைகீழாத்தான் இருக்கும்" என்று ஹார்லன் சிரித்தார். "ஏம்மா, முதல்ல ஹோஸைக் கழட்டணும்."

"அது கடைசியா."

அந்த முகாமில் இரண்டு கட்சிகள் உண்டு. கம்ப்ரஸரை வைத்துக் காற்றடித்துத் தண்ணீரை விரட்டுகிறவர்கள் ஒரு கட்சி. உறையாத ரோஸ் நிறத் திரவத்தைக் குழாய் முழுக்க ஓட்டுகிறவர்கள் இன்னொரு கட்சி. ஹார்லன் காற்று, வென்டல் ரோஸ். இரண்டு கட்சியும் கல்யாணத்தில்கூட ஒரே மேஜையில் உட்காராது; பீருக்கு மட்டும் விதிவிலக்கு.

"காத்தடிச்சா அஞ்சு நிமிஷம். வேலை முடிஞ்சுது."

"அடிச்சுப் பாரு. மூலையில ஒரு சொட்டு மிஞ்சினாலும் போச்சு. ரோஸ் தண்ணி விட்டா நிம்மதியாத் தூங்கலாம்."

"நீ நிம்மதியாத் தூங்கின லட்சணம்தான் போன வருஷம் பார்த்தோமே! வெளி ஷவரை மறந்துட்டு, சுவரே ஊறி, காளான் முளைச்சு..."

"அதை ஏன்யா இப்பக் கிளறுறே?"

மார்லிஸ் வெளியே வந்தாள். முழங்கையில் மண். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்தாள்.

"இருங்க, எழுதிக்கறேன். வெளி ஷவர். அதைவிட மோசம் எது? எதை மறந்தா பெரிய நஷ்டம்?"

இரண்டு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தன. இவர்களிடம் ஒரு பெண் சந்தேகம் கேட்டுப் பத்து வருஷமாவது இருக்கும்.

"ஹீட்டர் டேங்க்!" என்றார் ஹார்லன். "ஆறு காலன் தண்ணி நிக்கும். உறைஞ்சா டேங்கே பிளந்துரும். புதுசுதான் வாங்கணும்."

"பம்ப்பை விட்டுட்டியே" என்று வென்டல் பாய்ந்தார். "டாய்லெட் வால்வு வேற. அது கையளவு சாமான், ஆனா உடைஞ்சா தரை மொத்தமும் நாறிடும்."

"அடியில சிவப்பு, நீலம்னு ரெண்டு வடிகுழாய் இருக்கும். அந்த மூடி ரெண்டையும் பார்த்தியா?" என்றார் ஹார்லன்.

"பார்த்தாச்சு. அதைத்தான் திருகிட்டிருந்தேன்." எழுதிக்கொண்டே கேட்டாள்: "வெடிச்சா உடனே தெரிஞ்சுடுமா?"

"எங்க தெரியும்? குளிர்காலம் பூரா கம்முனு இருக்கும். ஏப்ரல்ல வந்து தண்ணியைத் திறப்பே பாரு, அப்பத்தான் சுவருக்குள்ள, கூரைக்குள்ள, மெத்தைக்கு அடியில, எல்லா இடத்துலயும் பீச்சும்."

மார்லிஸ் நோட்டை மூடினாள். "அதான் கவலையா இருக்கு. டுவேன் வந்து குழாயைத் திறக்கும்போது, நான் பார்த்த வேலை அவருக்குத் தெரியணும். ஒண்ணுகூடத் தப்பக் கூடாது."

வென்டல் பீர் டப்பாவை அவள் பக்கம் உயர்த்திக் காட்டினார். "இதுதான்யா பொண்டாட்டி. என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே!"

"இவ்வளவு நேரம் பாடம் எடுத்திருக்கோம். நல்லாத்தான் செய்வா" என்றார் ஹார்லன். டிவியில் ஆட்டம் தொடங்கியிருக்கும். காலி டப்பாக்களை அங்கேயே விட்டுவிட்டு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம். முகாமின் மேனேஜர் பெவ் பேட்டரி வண்டியில் வந்து இறங்கினாள். கையில் தண்ணீர் வால்வின் நீளச் சாவி. மார்லிஸின் மண் படிந்த முழங்கையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"மார்லிஸ், நேத்து வக்கீல் லெட்டர் வந்துது. இந்த இடத்தை டுவேன் பேருக்கு மாத்தச் சொல்லி. விவாகரத்துல டிரெய்லர் அவனுக்குன்னு தீர்ப்பாமே? அடுத்த வருஷம் அந்தத் தூண்டில் கடைக்காரியோட வந்து தங்கப் போறானாம்."

"ஆமா. நாளையிலேருந்து அவங்களோடது."

"இருபது வருஷம் உன்கூட இருந்துட்டு இப்படிப் பண்ணிட்டுப் போனவனுக்கு, கொட்டுற குளிர்ல மண்ணுல புரண்டு வேலை பார்க்கறியே! உனக்கு இருக்கற மனசு எவளுக்கும் வராதுடி." பெவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியை வால்வில் மாட்டினாள். "சரி, தண்ணியை நிறுத்திடட்டுமா?"

மார்லிஸ் ஹோஸின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டே நிமிஷம் பொறு பெவ். டேங்க் இன்னும் நிரம்பலை."